டெக்கான் குவீன் கணக்கு

போன மாதம் மும்பை கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. புனேயில் இப்போது வாங்குவதை விடச் சம்பளம் நன்றாகவே கூடுதல். பையன் பள்ளிக்கூடத்தை நடுவில் மாற்ற முடியாது. "தினமும் டெக்கான் குவீன்ல போயிட்டு வந்தா என்ன?" என்று தங்கமணியிடம் கேட்டேன். பதிலே இல்லை. சரி, அந்த ரயிலின் பூர்வீகத்தையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

இரண்டு ஊருக்கும் நடுவே எப்போதும் இடைஞ்சல் போர் காட் மலைதான். 1858-ல் கண்டாலா - புனே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் மலையடிவாரத்திலிருந்து கண்டாலா ஏற பல்லக்கு, மட்டக்குதிரை, இல்லாவிட்டால் நடை! 1863-ல்தான் மலைமேல் தண்டவாளம் முடிந்தது. அதற்காகக் காலராவிலும் விபத்திலும் செத்த கூலிகள் ஆயிரக்கணக்கில். இப்போது சுரங்கப்பாதை இருட்டில் வடா பாவ் தின்கிற நமக்கு அது நினைவுக்கு வருவதில்லை.

1929-ல் கல்யாண் - புனே பாதை மின்மயமானது. அடுத்த வருடமே, 1930 ஜூன் 1-ல், டெக்கான் குவீன். ஆபீஸ் போகிறவர்களுக்காக விட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். வாரக் கடைசியில் புனே குதிரைப் பந்தயத்துக்கு வரும் பம்பாய்க் கனவான்களுக்காக! பிற்பாடு தினசரி வண்டியாகி, சீசன் டிக்கெட்காரர்கள் கைக்கு வந்தது. வேலை பம்பாயில், வீடு புனேயில் என்று ஒரு வாழ்க்கையே உருவாகிவிட்டது.

உள்ளூரில் வேலை வராமலா போயிற்று? 1954-ல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், அப்புறம் டெல்கோ, பஜாஜ், கடைசியில் நம்மவர்கள் மூட்டை கட்டி வந்த ஹிஞ்சவாடி. ஆனாலும் சீசன்காரர்கள் பெட்டி காலியாகவில்லை.

காலை 7.15-க்குக் கிளம்பி 10.25-க்கு மும்பை, மாலை 5.10-க்கு ஏறி 8.25-க்கு புனே. ரயிலில் மட்டும் தினம் ஆறரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. மாதம் 20 நாள் என்றால் ஐந்து முழு நாளுக்கு மேல். சம்பள உயர்வை அந்த மணிகளால் வகுத்துப் பார்த்தேன், முகம் சுருங்கிவிட்டது.

கீழ் வீட்டு மராத்திப் பெரியவர் அந்த ரயிலிலேயே பணி ஓய்வு வரை ஓட்டியவர். சீட்டுக்கச்சேரி, கணேஷ் பூஜை, ரயில் நண்பர்கள் என்று உற்சாகமாகத்தான் சொன்னார். நடுவில், "என் பெண் சைக்கிள் ஓட்டுவாள் என்பதே ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் பார்த்துத்தான் தெரியும்" என்றார்.

மறுநாள் மும்பைக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். தங்கமணி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அடை மட்டும் கிடைத்தது, வெல்லம் வெண்ணெயோடு.