இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகமும் அதன் ஒழுங்குமுறை வரலாறும்

ஒரு கம்பெனியின் ஆண்டுக் கணக்கு உண்மையானது என்று சான்று கூறிக் கையொப்பமிடும் உரிமை பெற்றவர் பட்டயக் கணக்காளர். ஊர் வழக்கில் இவரை ஆடிட்டர் என்கிறோம். முதலீடு செய்பவர், கடன் கொடுக்கும் வங்கி, வரி வசூலிக்கும் அரசு ஆகிய மூவரும் அந்தக் கையொப்பத்தை நம்பியே முடிவெடுக்கிறார்கள். அதனால் யார் ஆடிட்டர் ஆகலாம், அவருக்கு யார் பயிற்சி தருவது, அவர் தவறினால் யார் கேட்பது என்ற கேள்விகள் இந்தியாவில் நூறாண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. இத்தொழிலில் சேர விரும்பும் மாணவர்கள் பாடத்திட்டத்தோடு இந்த வரலாற்றையும் அறிந்திருப்பது நல்லது.

சான்றிதழ்க் காலம்

1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டம், தணிக்கையாளருக்குத் தகுதி வேண்டும் என்று வரையறுத்தது. தகுதிச் சான்றிதழை மாகாண அரசுகள் வழங்கின. அதில் இரண்டு வகை இருந்தது. ஒன்று நாடு முழுவதும் செல்லும். மற்றொன்று குறிப்பிட்ட மாகாணத்துக்குள், குறிப்பிட்ட மொழியில் எழுதப்பட்ட கணக்குகளுக்கு மட்டுமே செல்லும். இந்த இரண்டாம் வகை 1920இல் நிறுத்தப்பட்டது.

1918இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் டிப்ளமா தொடங்கப்பட்டது. ஜி.டி.ஏ. என்று அதை அழைத்தார்கள். அங்கீகாரம் பெற்ற ஒரு கணக்காளரிடம் மூன்றாண்டுகள் பயிற்சி பெற்று, தேர்விலும் வெல்ல வேண்டும். அலுவலகத்தில் வேலை கற்றுக்கொண்டே படிக்கும் இம்முறைதான் இன்றைய ஆர்ட்டிகிள்ஷிப்பின் முன்னோடி. 1932இல் மத்திய அரசு தணிக்கையாளர் சான்றிதழ் விதிகளைக் கொண்டுவந்து, இந்தியக் கணக்கியல் வாரியத்தையும் அமைத்தது. அரசின் பதிவேட்டில் பெயர் ஏறியவர் ‘பதிவு பெற்ற கணக்காளர்’ எனப்பட்டார். ஆனால் வாரியத்தின் பணி ஆலோசனை கூறுவது மட்டுமே. முடிவெடுக்கும் அதிகாரம் அரசிடம்தான் இருந்தது.

சிவபோகம் தொடுத்த வழக்கு

அரசே பதிவேட்டை வைத்திருந்தால் என்ன நேரும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1907இல் பிறந்த ஆர். சிவபோகம், சகோதரி சுப்புலட்சுமியின் மாணவி. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தவர். சிறையிலிருந்து வந்ததும் கணக்கியல் டிப்ளமாவில் சேர்ந்தார். 1933இல் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் என்ற பெயரைப் பெற்றார்.

தேர்வில் வென்றும் அவரால் தொழில் தொடங்க முடியவில்லை. சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள அன்றைய சட்டம் இடம் தரவில்லை. அவர் அரசை எதிர்த்து வழக்குத் தொடுத்து வென்றார். 1937இல் தனியாகத் தொழில் தொடங்கினார். பிற்காலத்தில், 1955 முதல் 1958 வரை, கழகத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பதிவேட்டில் இடம் மறுக்கப்பட்டவர் பின்னர் அத்தொழிலின் வட்டார அமைப்புக்கே தலைவரானது மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

1949ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின் 1948இல் அமைக்கப்பட்ட வல்லுநர் குழு, தொழிலை நெறிப்படுத்தத் தன்னாட்சியுள்ள அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பயனாகப் பட்டயக் கணக்காளர் சட்டம் இயற்றப்பட்டு, 1949 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நமது அரசியலமைப்புச் சட்டத்துக்கும் மூத்தது இது. ஜூலை 1ஐப் பட்டயக் கணக்காளர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். கழகத்தின் முதல் தலைவர் ஜி. பி. கபாடியா.

‘பட்டயம்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 1854இல் எடின்பரோவிலும் 1880இல் இங்கிலாந்திலும் அமைந்த கணக்காளர் சங்கங்கள் அரச பட்டயம் பெற்றவை. இந்தியக் கழகத்துக்கு எந்த அரசரும் பட்டயம் வழங்கவில்லை. அது சட்டத்தால் பிறந்தது. உலகம் மதித்த பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

தொடக்கத்தில் சுமார் 1,700 உறுப்பினர்கள் இருந்தனர். இன்று 4 லட்சத்துக்கும் மேல். தலைமையகம் புதுதில்லி. மும்பை, சென்னை, கொல்கத்தா, கான்பூர், தில்லி ஆகிய ஐந்து இடங்களில் வட்டாரக் குழுக்கள் உள்ளன. கழகத்தை நடத்தும் மன்றத்தில் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர் 32 பேர் வரையிலும், மத்திய அரசு நியமிப்போர் 8 பேர் வரையிலும் இருக்கலாம்.

மாணவர் மீதான பொறுப்பு

தேர்வு நடத்துவதும் உறுப்பினராகச் சேர்ப்பதும் தண்டிப்பதும் ஒரே அமைப்பின் கையில் இருப்பது இக்கழகத்தின் தனித்தன்மை. பாடநூல்களும் பயிற்சியும் அதன் கல்வி வாரியத்தின் பொறுப்பு. 2023இல் வந்த புதிய திட்டப்படி பவுண்டேஷனில் 4 தாள்கள், இன்டர்மீடியட்டில் 6, பைனலில் 6. இன்டர்மீடியட்டிலும் பைனலிலும் ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், குரூப் மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற வேண்டும். மூன்றாண்டாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது.

விதிகள் மாணவரை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை, பயிற்சி தரும் ஆடிட்டரையும் கட்டுப்படுத்துகின்றன. அவர் மாணவருக்கு மாதந்தோறும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும். நகரின் மக்கள்தொகையைப் பொறுத்து இத்தொகை மாறும். பயிற்சிக்கென மாணவரிடம் பணமோ வைப்புத்தொகையோ வாங்கக் கூடாது. மாணவர் நெறி தவறினால் அவருடைய பதிவை ரத்து செய்யும் அதிகாரம் கழகத்துக்கு உண்டு.

காவலருக்குக் காவல்

தம் தொழில்காரரைத் தாமே விசாரித்தால் நீதி கிடைக்குமா என்ற ஐயம் பின்னர் வலுத்தது. 2006ஆம் ஆண்டுத் திருத்தம் ஒழுங்கு நடவடிக்கை இயக்குநர், ஒழுங்கு வாரியம், ஒழுங்குக் குழு, தர ஆய்வு வாரியம் ஆகியவற்றை அமைத்தது. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாக எழுதப்பட்டதைத் தாமே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் ஆடிட்டர் கையொப்பமிட்ட கணக்குகள் அவை.

அதன்பின் வந்த 2013 கம்பெனிகள் சட்டத்தின் 132ஆம் பிரிவு தேசிய நிதி அறிக்கை ஆணையத்துக்கு வழி வகுத்தது. 2018 அக்டோபர் 1 அன்று ஆணையம் அமைந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள், பெரிய கம்பெனிகள் ஆகியவற்றின் தணிக்கையாளர்களை அதுவே விசாரிக்கும். குற்றம் உறுதியானால் ஆறு மாதம் முதல் பத்தாண்டுகள் வரை கம்பெனித் தணிக்கை செய்யத் தடை விதிக்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம், கழகத்தின் ஒழுங்கு வாரியத்துக்கும் ஒழுங்குக் குழுவுக்கும் கழக உறுப்பினர் அல்லாத ஒருவரே தலைமை வகிக்க வேண்டும் என்றது.

அரசின் பிடியிலிருந்து விடுபட்டுத் தன்னாட்சி பெற்ற தொழில், எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பகுதிக் கண்காணிப்பை மீண்டும் வெளியாரிடம் ஒப்படைத்திருக்கிறது. தன்னாட்சி இல்லாவிட்டால் ஆட்சியில் இருப்போருக்கு வேண்டாதவர் தொழிலில் நுழைய முடியாது என்பதற்குச் சிவபோகத்தின் வழக்கு சான்று. வெளிக் கண்காணிப்பு இல்லாவிட்டால் முதலீட்டாளர் ஏமாறலாம் என்பதற்குச் சத்யம் சான்று. இவ்விரண்டையும் சமன்செய்யும் முயற்சி இன்னும் முடியவில்லை. இன்று பவுண்டேஷனுக்குப் பதிவு செய்யும் மாணவர், நாளை இந்த இரு வகைக் கண்காணிப்பின் கீழும் கையொப்பமிடப் போகிறவர்.