கதை சொன்னவரும் கணக்குப் போட்டவரும்: ஒரு கொள்ளுத்தாத்தாவின் நினைவு

ஒருவரைக் குடும்பம் நினைவில் வைத்திருக்கும் விதமும் ஆவணங்கள் பதிந்து வைத்திருக்கும் விதமும் ஒத்துப்போவது அரிது. வங்காளத்தின் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி (1863–1915) இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அவர் எழுத்தாளர் சுகுமார் ராயின் தந்தை; சத்யஜித் ராயின் தாத்தா; இயக்குநர் சந்தீப் ராயின் கொள்ளுத்தாத்தா. பேரனும் கொள்ளுப்பேரனும் அவரை நேரில் கண்டதில்லை. அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின்னரே, 1921இல், சத்யஜித் பிறந்தார். 1923இல் சுகுமாரும் காலமானார். தந்தை வழியாக மகனுக்கு வந்துசேர வேண்டிய நினைவுகள் இடையில் அறுந்தன.

அந்த அறுந்த இழையை முடிந்தவர்களுள் குடும்பத்துப் பெண்கள் முதன்மையானவர்கள். மகள் புண்யலதா சக்ரவர்த்தி தம் இளமைக்கால நினைவுகளில் தந்தையைப் பதிவுசெய்தார். தம்பி மகள் லீலா மஜும்தார் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். காமதாரஞ்சன் என்ற பெயரோடு பிறந்த சிறுவன், உறவினரான ஜமீன்தாருக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு உபேந்திரகிஷோர் ஆன வரலாறும் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்ததே. இந்நினைவுகளில் மேலோங்கி நிற்பவர், குழந்தைகளுக்குக் கதை சொல்பவர்; படம் வரைபவர்; வயலின் வாசிப்பவர்.

இங்கிலாந்தில் வெளிவந்த பென்ரோஸ் அச்சுக்கலை ஆண்டு மலரில் காணப்படும் உபேந்திரகிஷோர் வேறொருவர் போலத் தோன்றுவார். 1897 முதல் அம்மலரில் அவர் எழுதியவை ஹாஃப்டோன் பற்றிய தொழில்நுட்பக் கட்டுரைகள். அச்சில் மை படும் இடம், படாத இடம் என இரண்டே உண்டு. இடைப்பட்ட சாயல்களைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளால்தான் காட்ட முடியும். ஒளிப்படக் கருவிக்குள் தகட்டின் முன்னால் நிறுத்தப்படும் கண்ணாடித் திரையே அப்புள்ளிகளை உண்டாக்குகிறது. திரை எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைப் பலர் கைப்பழக்கத்தால் தீர்மானித்துவந்த காலத்தில், அதைக் கணக்கினால் வரையறுக்க முயன்றவர் அவர்.

இவ்விருவரும் ஒருவரே என்பதை விளங்கவைப்பது, தொழில்நுட்பக் கட்டுரைகள் அன்று. குடும்பத்தாரின் எழுத்துகளில் இடம்பெறும் ஒரு செய்தி. சிறுவர்க்கான இராமாயணத்திற்கு அவர் வரைந்த படங்கள், மரச்செதுக்கு அச்சில் உருக்குலைந்து வெளிவந்தன. அந்த மனக்குறையே அவரை இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து 1895இல் கல்கத்தாவில் சொந்தத் தொழிற்கூடம் தொடங்கச் செய்தது. அவர் என்ன செய்தார் என்பதை ஆண்டு மலர் கூறுகிறது. எதற்காகச் செய்தார் என்பதைக் குடும்பக் கதை கூறுகிறது.

1913இல் அவர் தொடங்கிய சிறுவர் இதழ் 'சந்தேஷ்'. இனிப்பு, செய்தி என இரு பொருளும் தரும் பெயர் அது. கார்பார் சாலை வீட்டின் கீழ்த்தளத்தில் அச்சகம் இயங்கியது. சுகுமாரின் மறைவுக்குப் பின் தொழில் நொடித்தது, வீடும் கைவிட்டுப்போயிற்று. பின்னாளில் தம் சிறுவயது நினைவுகளை எழுதிய சத்யஜித், டர்பன்டைன் வாசனை அந்த அச்சகத்தைக் கண்முன் கொண்டுவரும் என்று குறிப்பிட்டார். காணாத தாத்தாவோடு அவருக்கு இருந்த நேரடித் தொடர்பு, அவர் விட்டுச்சென்ற தொழிலின் வாசனையே.

1961இல் சத்யஜித், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் இணைந்து 'சந்தேஷ்' இதழை மீண்டும் தொடங்கினார். குழந்தைகளுக்காக ஒரு படம் எடுக்குமாறு மகன் சந்தீப் கேட்டதே, 1969இல் 'கூப்பி காயின் பாகா பாயின்' வெளிவரத் தூண்டுதலாயிற்று. கதை உபேந்திரகிஷோருடையது. கொள்ளுப்பேரனின் ஆசையால் கொள்ளுத்தாத்தாவின் கதை திரைக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக அமைந்த மூன்றாவது படத்தைச் சந்தீப்பே இயக்கினார்.

இந்த மீட்சியிலும் ஓர் இழப்பு உண்டு. திரும்பி வந்தவர் கதைசொல்லி மட்டுமே. திரையின் தூரத்தை அளந்தவர் இன்றும் அச்சுக்கலை வரலாற்றாசிரியர்களுக்கே பெரிதும் அறிமுகமானவர். குழந்தைகளுக்குத் திரும்பச் சொல்லத்தக்கதையே குடும்ப நினைவு எளிதில் சுமக்கிறது, கணக்கைச் சுமப்பதில்லை. அதனால் அந்நினைவு பொய்யாகிவிடாது, பாதியாகவே நிற்கும். மறுபாதியைத் தேடுவோர்க்குத் தொடக்கமாகப் பழைய 'சந்தேஷ்' இதழின் ஒரு பக்கம் போதும். அதில் கதையும் அவருடையது, படமும் அவருடையது. படத்தைத் தாளில் பதித்த அச்சுக்கட்டையும் அவர் தொழிற்கூடத்தில் உருவானது.