பழைய 486-க்கு இணையம் வந்த வழி

நம் குடியிருப்பில் ஹாலில் டிவி மாட்டியிருக்கும் சுவரை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சுவிட்ச் போர்டுக்குச் சற்றுத் தள்ளி, தரையை ஒட்டிச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் அதன் மேலும் இரண்டு கோட் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அது டெலிபோன் சாக்கெட். திருநெல்வேலியில் ஒரு வீட்டுக்குள் இணையம் முதலில் நுழைந்தது அதற்குள் இருக்கும் இரண்டு செம்புக் கம்பிகள் வழியாகத்தான்.

"அப்போ கம்ப்யூட்டர் விலை அதிகம், அதனாலதான் நம்ம ஊருக்கு இன்டர்நெட் லேட்டா வந்துச்சு" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இணையத்துக்குப் பழைய கம்ப்யூட்டரே போதும் என்றுதான் இருந்தது. போதாமல் இருந்தவை டெலிபோன் லைனும் கால் கட்டணமும்.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், பழக்கம் அப்படி. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் தொடங்கியது. பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்கள்தான் முதலில். தனிநபர் ஒருவர் படங்களோடு பக்கங்களைப் பார்க்க வேண்டுமானால் ஆண்டுக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஷெல் கணக்கு உண்டு. அதில் எழுத்து மட்டும்தான் தெரியும், படம் வராது. தொடக்கத்தில் லைன் கிடைக்காமல் மக்கள் திண்டாடினார்கள். அதன் தலைவர் பி.கே.சிங்கால் குறைகளைப் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். ஓர் அரசு நிறுவனத்தின் தலைவர் அப்படிச் சொன்னதை இன்றைக்கும் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

இதில் நம் ஊர் எங்கே வருகிறது? 500 ரூபாய் கட்டிச் சென்னைக் கணக்கு வாங்கிவிடலாம். ஆனால் 0462-இலிருந்து 044-க்கு டயல் செய்தால் அது எஸ்.டி.டி. தூரம் 600 கிலோமீட்டருக்கு மேல். உள்ளூர் அழைப்பில் மீட்டர் நிமிடக் கணக்கில் நகரும்; எஸ்.டி.டி.யில் விநாடிக் கணக்கில் ஓடும். இரவு 11 மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பூத்துகளில் அந்த நேரத்தில் கூட்டம் நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பேசி முடிக்க மூன்று நிமிடம் போதும். இணையத்தில் உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் ஒரு பக்கம்கூட முழுதாகத் திறக்காது. ஆக, கம்ப்யூட்டர் சும்மா கிடைத்தாலும் டெலிபோன் பில் ஆளை விழுங்கிவிடும்.

திருப்பம் 1998-இல் வந்தது. பிரதமர் வாஜ்பாய் மே மாதம் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பணிக்குழு, ஜஸ்வந்த் சிங் தலைமையில், ஜூலையில் 108 பரிந்துரைகளைக் கொடுத்தது. 2000 ஜனவரி 26-க்குள் எல்லா மாவட்டத் தலைநகரங்களிலும் இணைய முனையம் அமைக்க வேண்டும். அதுவரை தொலைவில் இருப்பவர்கள் அருகிலுள்ள முனையத்தை உள்ளூர்க் கட்டணத்திலேயே அழைக்க அனுமதிக்க வேண்டும் என்றது ஒரு பரிந்துரை. செய்தித்தாள்களில் மென்பொருள் ஏற்றுமதிதான் பெரிய எழுத்தில் வந்தது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு இந்த இரண்டு வரிதான் பெரிது என்பது என் கருத்து. அதே ஆண்டு நவம்பரில் தனியாருக்கும் வழி திறந்தார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் ஆன்லைன் வந்தது. பிறகு பி.எஸ்.என்.எல்.லின் சஞ்சார்நெட், நெட்ஒன். 172 என்று தொடங்கும் எண்ணை டயல் செய்தால் போதும், எஸ்.டி.டி. பயம் இல்லை.

இனி கம்ப்யூட்டர். ரங்கராஜன் கமிட்டி 1984-இல் சொன்னதற்குப் பிறகுதான் வங்கிக் கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. பின்னாலேயே 386, 486 கம்ப்யூட்டர்களும். சில வருடங்களில் அவற்றைக் கழித்து ஏலம் விடுவார்கள். பாளையங்கோட்டையில் குடியிருந்த என் சக ஊழியர் ஒருவர் அப்படி ஒரு 486-ஐ எடுத்து வந்தார். அவருடைய தம்பி மஸ்கட்டில். வெளிநாட்டுக்கு ஒரு நிமிடம் பேச ஐம்பது, அறுபது ரூபாய் ஆன காலம். அம்மாவுக்கோ வாரம் ஒரு முறையாவது சின்னவன் சங்கதி தெரிய வேண்டும்.

அந்தப் பெட்டியை இணையத்தோடு சேர்ப்பதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. விண்டோஸ் 3.1-க்கு இணைய மொழி தெரியாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பீட்டர் டாட்டம் என்பவர் எழுதிய டிரம்பெட் வின்சாக் என்ற நிரலை ஏற்றினால்தான் பேசும். உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள், பணம் கட்டியவர்கள் குறைவு. விண்டோஸ் 95 வந்தபின் இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது சீரியல் போர்ட். பழைய பெட்டிகளில் அதற்கான சிப், வரும் எழுத்துகளில் ஒன்றை மட்டுமே கையில் வைத்துக்கொள்ளும். 16550 என்ற புதிய சிப் 16-ஐ வைத்துக்கொள்ளும். ஒரே நாற்காலி போட்ட கவுண்டருக்கும் 16 நாற்காலி போட்ட கவுண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான். முதல் வகையில் மோடம் வேகமாகக் கொட்டினால் பாதி சிந்திவிடும்.

எல்லாம் பூட்டியபின் மோடம் சொன்ன பதில்: டயல் டோன் இல்லை. ரிசீவரைக் காதில் வைத்தால் டோன் நன்றாகவே கேட்கிறது! அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஓசைகளின் சேர்க்கை. நம்முடையது 400 ஹெர்ட்ஸ், அதுவும் அதிர்ந்து அதிர்ந்து வருவது. வெளிநாட்டு மோடத்துக்கு நம் ஊர்க் கொர்ர் சத்தம் பிடிபடவில்லை. "டயல் டோனுக்குக் காத்திரு" என்ற இடத்தில் டிக்கை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பழைய எக்ஸ்சேஞ்ச் லைன் என்றால் டோனுக்குப் பதில் பல்ஸ் டயலிங்கும் வைக்க வேண்டும். இந்தியாவில் எத்தனை பேர் இந்த ஒரு டிக்குக்காக மோடத்தைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்களோ.

அதற்குப் பிறகும் லைன்தான் எசமானர். டெலிபோன் கம்பியில் மனிதக் குரலுக்காக ஒதுக்கியது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை. மோடம் கணக்குகளையெல்லாம் அந்த இடுக்கில் ஓசையாக மாற்றி அனுப்பியாக வேண்டும். அந்தக் கீச்சுச் சத்தம் அதுதான். பெட்டியில் 56 என்று போட்டிருந்தாலும் கையில் கிடைப்பது குறைவு. 28.8 வேகத்தில் 1 எம்.பி. படம் ஒன்று இறங்க ஏறக்குறைய 5 நிமிடம். இன்று உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் சொல்லி வரும் படங்களை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கினால் லைனில் இரைச்சல், உடனே துண்டிப்பு. மாடியில் இருந்த பேரலல் போனை யாராவது தூக்கினாலும் அதே கதிதான். "அண்ணாச்சி, ரிசீவரைத் தூக்கிராதீங்க" என்று கீழேயிருந்து கத்துவார்கள். அம்மா மட்டும் கத்தாமல் மோடத்தின் சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விளக்கு மின்னினால் மகன் கடிதம் இறங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

2005 ஜனவரி 14, பொங்கலன்று பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியது. அதுவும் இதே செம்புக் கம்பிதான். குரலுக்கு மேலே உள்ள அலைவரிசைகளை இணையத்துக்குக் கொடுத்தார்கள். பேசிக்கொண்டே இணையமும் பார்க்கலாம் என்றானபின் டயல்-அப்பை யாரும் சீண்டவில்லை. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் 2025 செப்டம்பர் 30 வரை டயல்-அப்பை ஓட்டிக்கொண்டிருந்தது என்பது ஆச்சரியம்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த ஹார்டு டிஸ்கில் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இறங்கிய கடிதங்கள் இருக்கலாம். டயல்-அப்பில் இறங்கியவை பெரும்பாலும் வீட்டுப் பெட்டிக்குள்தான் தங்கின. சர்வரில் இன்றுவரை இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஐ.டி.இ. டிஸ்கை யூ.எஸ்.பி.யில் சேர்க்கும் கன்வெர்ட்டர் சர்வீஸ் கடைகளில் இருக்கும். டி.பி.எக்ஸ் என்று முடியும் கோப்புகளைத் தேடச் சொல்லுங்கள். தமிழில் எழுதிய கடிதம் என்றால், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருப்பதால் கிறுக்கல் போலத் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.