கலெக்டர் உத்தியோகம் (சென்னை ராஜதானி)

பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை ராஜதானியின் ஜில்லாக்களுக்குத் தலைமை வகித்த இவ்வுத்தியோகம், 1786-இல் ஏற்பட்ட ரெவினியூ போர்டின் கீழ் உருப்பெற்றது.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் பிரதேசம் கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாகவே, அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி, தாமஸ் மன்றோ முதலிய உதவியாளர்களுடன் அங்கே சென்று, இடைத்தரகரின்றி ஒவ்வொரு குடியானவனோடும் நேரே தீர்வை பேசும் ரயத்துவாரி முறையைத் தொடங்கினார். இதன் மூலகர்த்தா ரீடா, மன்றோவா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. பிற்காலக் கீர்த்தி மன்றோவையே சேர்ந்தது. இடையில் 1802-இல் ஜமீன்தாரி ஏற்பாடும், பின்னர்க் கிராமக் குத்தகையும் பரீட்சிக்கப்பட்டுப் பல ஜில்லாக்களில் கைவிடப்பட்டன. மன்றோவின் யோசனைப்படி 1816-இல் பிறந்த சட்டங்கள், வரிவசூலோடு போலீஸ், மாஜிஸ்திரேட் அதிகாரங்களையும் கலெக்டர் ஒருவரிடமே குவித்தன.

இவ்வதிகாரம் கிராமத்தைத் தொட்ட இடம் ஜமாபந்தி. பசலி என்னும் வருவாய் ஆண்டு தோறும் கிராமக் கணக்கர்களான கர்ணங்கள் சுமந்து வந்த அடங்கல், சிட்டா முதலிய கணக்குகளை அதிகாரி புலவாரியாக ஒத்துப்பார்த்து, பயிர் சாவி போன நிலத்துக்கு வஜா (தீர்வைத் தள்ளுபடி) கொடுத்து, அவ்வருஷத் தீர்வையை முடிவு செய்வார். நில அளவைச் சங்கிலியைச் சோதிப்பதும் இதில் ஓர் அங்கம். இழுபட்டு நீண்ட சங்கிலியால் அளந்தால் புலம் கணக்கில் சுருங்கிவிடுமாதலால், சர்க்கார் இதில் காட்டிய சிரத்தை வியப்புக்குரியதன்று.

அதிகாரக் குவிப்பின் மறுபுறத்தை 1855-ஆம் வருஷத்துச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் வெளிக்கொணர்ந்தது. வரிப்பாக்கிக்காகக் கீழ்ச்சிப்பந்திகள் குடிகளின் விரல்களைக் கிட்டி என்னும் மரக் கருவியிலிட்டு நெரித்ததை அவ்வறிக்கை பதிவு செய்கிறது. 1859-இல் போலீஸ் தனி இலாகாவாயிற்று.

ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் வருஷத் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884-இல் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்றடுக்கில் ஸ்தல சுயாட்சி வந்தபோது, ஜில்லா போர்டின் தலைவராகக் கலெக்டரே அமர்ந்தார். 1920-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பின் அத்தலைமை ஜனப்பிரதிநிதிகளிடம் சென்றது. இந்த ஸ்தல போர்டு முறை சுயாட்சிக்குப் பயிற்சியளித்ததென்பார் ஒரு சாரார். கிராம சமுதாயத்தின் பழைய பொறுப்புணர்ச்சியைக் கலெக்டர் கச்சேரி (அலுவலகம்) விழுங்கிவிட்டதென்பார் மற்றொரு சாரார்.

சுதந்திரத்துக்குப் பின் நீதி பரிபாலனம் நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 1958-ஆம் வருஷச் சட்டங்களின்படி ஜில்லா போர்டுகள் மறைந்து, பஞ்சாயத்து யூனியன்களும், கலெக்டர் தலைமையில் ஜில்லா அபிவிருத்தி மன்றங்களும் ஏற்பட்டன. 1980-இல் ரெவினியூ போர்டும் கர்ணம் பதவியும் ஒழிந்தன. ஜமாபந்தி ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. 1994-ஆம் வருஷத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் கலெக்டருக்கு ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற ஸ்தானம் உண்டு.