முத்தட்டும் என்று காத்திருந்த ஊர்

கண்ணில் கோளாறு என்றால் விளாத்திகுளம் பக்கத்தில் கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்பார்கள். இந்தப் பொறுமையை டாக்டர்களே கற்றுக்கொடுத்தார்கள் என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் புரை தள்ளுகிறவர்கள் இருந்தார்கள். ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி, வெளுத்துப்போன விழிலென்சைக் கீழே தள்ளிவிடுவார்கள். உடனே வெளிச்சம் தெரியும், கூலியும் கைமாறிவிடும். சீழ் பிடித்து அந்தக் கண் அவியும்போது ஆள் எந்த ஊரிலோ இருப்பார். சென்னையில் 1819-இலேயே கண் மருத்துவமனை வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நடத்திய ராபர்ட் ஹென்றி எலியட், புரை தள்ளிக் கெட்ட கண்களைச் சேர்த்து ஆராய்ந்து தனி நூலே எழுதினார். ஆனால் கரிசல்காட்டுச் சம்சாரிக்குச் சென்னை எட்டாத தூரம்.

அந்தத் தூரத்தைக் குறைத்தவர் எங்கள் வட்டாரத்துக்காரர். அயன் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி, பிரசவ மருத்துவராக வேண்டும் என்றுதான் படித்தார். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியதால் கண் பக்கம் திரும்பினார். அந்த விரல்களாலேயே லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை செய்தார். 1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவரானார்; கிராமங்களுக்கு முகாம்களைக் கொண்டுபோனார். ஓய்வு பெற்ற 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

நான் ஆசிரியராக இருந்த பள்ளியிலும் முகாம் நடக்கும். பெயர் எழுதுவது என் வேலை. டார்ச் அடித்துப் பார்த்துச் சிலரை பஸ்ஸில் ஏற்றுவார்கள். சிலரைத் திருப்பி அனுப்புவார்கள். திரும்பிய ஒரு பெரியவர் சொன்னார்: "எனக்கு இன்னும் முத்தலையாம் சார். அடுத்த வருசம் வரச் சொல்லிட்டாக."

அப்படிச் சொன்னதில் தப்பில்லை. அன்றைய அறுவையில் விழிலென்சை எடுத்துவிடுவார்கள். உள்ளே மாற்று வைப்பதில்லை. பிறகு சோடாபாட்டில் கண்ணாடிதான். அதில் எல்லாம் பெரிதாகத் தெரியும். ஓரப் பார்வை மறையும். அரைகுறையாகத் தெரிகிற கண்ணைக் கொடுத்து அந்தத் தொல்லையை வாங்குவானேன்? அதனால் பார்வை நன்றாக மங்கட்டும் என்று காக்க வைத்தார்கள். செயற்கை லென்சை லண்டனில் ஹரால்ட் ரிட்லி 1949-இலேயே பொருத்தியிருந்தாலும், இங்கே விலை எட்டாமல் இருந்தது. 1992-இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் அதை மலிவாகச் செய்யத் தொடங்கியபின் காத்திருக்க வேண்டிய காரணம் போய்விட்டது. சொல்லப்போனால், புரை முற்றிப்போனால் கண்ணில் அழுத்தம் ஏறி வலியும் வரலாம்.

காரணம் போனாலும் வழக்கம் போகவில்லை. அது புரையோடு நிற்காமல் எல்லாக் கண் நோய்க்கும் பரவியதுதான் கேடு.

கம்பு தூற்றும்போது உமி விழும். சீமைக்கருவேல் வெட்டும்போது முள் கீறும். பக்கத்து வீட்டு அக்கா நாக்கால் தூசி எடுப்பாள். இன்னொருத்தி தாய்ப்பால் விடுவாள், இல்லையென்றால் விளக்கெண்ணெய். செடி, கதிர் பட்ட காயத்தில் பூஞ்சை பிடித்தால் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றும். வலி, கூச்சம், நீர்வடிதல், மங்கல் கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்ததுபோல் காட்டி உள்ளே புண்ணை வளர்க்கும். இதில் ஒரு வாரம் பொறுத்தால் விழியில் தழும்பு நிலைத்துவிடும்.

பொறுக்கக் கூடாத இன்னொன்று கண் அழுத்த நோய்; எலியட் பெயர் பெற்றது அதற்குச் செய்த அறுவையால்தான். அந்த நோயில் பெரும்பாலானது வலியில்லாமல், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும், போனது திரும்பாது. திடீரென்று ஏறும் வகையோ கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்று வரும். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்துப் படுத்தால் ஓரிரு நாளில் கண் போகும். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று கூட்டமாகப் பறக்கும் கரும்புள்ளிகள், பக்கவாட்டில் திரை இறங்குவதுபோல் நிழல் ஆகியவை விழித்திரை கிழிவதன் அடையாளம். அன்றைக்கே போக வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்தால் முதலில் நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு, பிறகு ஓட வேண்டும். குழந்தையின் கண்பாப்பா வெள்ளையாகப் பளிச்சிட்டால் அது கட்டியாக இருக்கலாம்; அங்கே காப்பாற்ற வேண்டியது உயிரையும்தான். சர்க்கரை இருப்பவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் வருசத்துக்கு ஒருதரம் விழித்திரையைக் காட்டிவிட வேண்டும்.

முகாமில் நடந்தவற்றில் இன்றும் விடக்கூடாத பழக்கம் ஒன்று உண்டு. ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, எதிரே விரல்களைக் காட்டி எண்ணச் சொல்வார்கள். நல்ல கண் வேலை செய்வதால் மற்றது கெட்டதே தெரியாமல் இருந்தவர்கள் அங்கேதான் திடுக்கிடுவார்கள். இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் முன்னால் நிறுத்தி, இந்தக் கண்ணுக்கு ஒருதரம், அந்தக் கண்ணுக்கு ஒருதரம் படிக்கச் சொல்கிறேன். எழுத்து கோணினாலோ மறைந்தாலோ, முத்தட்டும் என்ற பேச்சுக்கு இடமில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் சொல்லி அனுப்புகிறேன்.