நாயின் கண்ணும் டார்ச் வெளிச்சமும்



போன வாரம் செல்லூரில் எங்கள் தெரு நாய் மணியின் கண்ணில் பேரன் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டிருந்தான். "தாத்தா, கண்ணு பச்சையா மின்னுது பாருங்க!" அதட்டினேன். "ஏன் தாத்தா, கண்ணு போயிருமா?" என்று கேட்டான். 35 வருஷம் பாடம் நடத்தியவனுக்குப் பதில் வரவில்லை. பிறகு படித்துப் பார்த்தேன்.

நாய், பூனை, மாட்டுக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. உள்ளே போன வெளிச்சத்தை அது இன்னொரு தடவை விழித்திரை மேல் விழச் செய்யும். அந்த மினுமினுப்பு அதுதான். நமக்கும் பன்றிக்கும் அது கிடையாது.

சூரியனை நேராகப் பார்த்தால் கண் கெடும் என்று நம் பாட்டிமார்களுக்கே தெரியும். சுடாத விளக்கொளியும் மணிக்கணக்கில் பட்டால் விழித்திரையைக் கெடுக்கும் என்று 1966-ல் வெர்னர் நோயல் எலிகளை வைத்துக் காட்டினார். நாய் விஷயம் அதற்கும் மேல். இங்கிலீஷ் மாஸ்டிஃப் என்ற பெரிய ஜாதி நாய்களில் ரோடாப்சின் என்ற மரபணுவில் கோளாறு இருப்பதை 2002-ல் கண்டுபிடித்தார்கள். கண்ணின் உட்புறத்தைப் படம் எடுக்க டாக்டர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வெளிச்சமே அந்த நாய்களின் விழித்திரையை அழிக்கிறது என்று 2005-ல் தெரிந்தது. அதே வெளிச்சம் நல்ல கண்ணுள்ள நாயை ஒன்றும் செய்யவில்லை. குறை பிறப்பிலேயே இருந்தது; வெளிச்சம் அதை விரைவுபடுத்தியது.

இதைப் படித்ததும் 1988-ல் என் வகுப்பில் இருந்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வந்தான். மழைக்கால மாலையில் வாசல் தெரியாமல் பெஞ்சில் முட்டிக்கொள்வான். "குறும்பு பண்றியா?" என்று இரண்டு தடவை அடித்திருக்கிறேன். பிறகு மாலைக்கண் என்று முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னேன். அது சத்துக்குறைவு இல்லை, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் பரம்பரை நோய் என்று கண் டாக்டர் சொன்னபோது அவனுக்கு 14 வயது. அவன் அப்பா கட்டியது அக்கா மகளை. சொந்தத்தில் கட்டிய வீடுகளில் இத்தகைய கண் நோய்களில் சில அதிகம் வரும். எந்த மரபணு என்று பார்க்க அப்போது வழியில்லை.

இப்போது வழி உண்டு. அதற்கும் நாய்க்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பிறவிக் குருடான லான்சலாட் என்ற பிரியார்ட் கலப்பு நாய்க்கு அமெரிக்காவில் நல்ல மரபணுவைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்வை வரவைத்தார்கள். 2001-ல் அந்தச் செய்தி வெளியானது. அதே வழியில் மனிதர்களுக்கான மருந்துக்கு 2017 டிசம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு மரபணுக் கோளாறுக்கு மட்டும்தான் அது. என் மாணவனுடையது அதுவா, தெரியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பொழுது சாய்ந்தால் தடுமாறினால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்காதீர்கள்.

மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நொடி டார்ச் அடித்ததால் நல்ல கண் கெடாது. லேசர் பேனா வேறு, அதை நாய் முகத்தருகே கொண்டே போகக்கூடாது. பேரனிடம் ஒன்று இருந்தது, வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன்.