பயணத்தில் குரல் மொழிபெயர்ப்புக் கருவி: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

கிளிநொச்சியிலிருந்து மகரகமவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சின்னம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் ரிக்கற் எடுக்கவும் தேநீர் வாங்கவும் போதும். சின்னம்மாவுக்கு அதுவும் இல்லை. போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஒருவர் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு கருவியைக் கொண்டுவந்து தந்தார். "இனி நீங்கள் ஒருத்தரையும் கெஞ்சத் தேவையில்லை. தமிழில கதையுங்கோ, அது சிங்களத்தில சொல்லும்" என்றார்.

அதற்குப் பிறகு நான்கு தடவை போய் வந்துவிட்டோம். என்னைப் போல வைத்தியசாலைக்கும் சிறைச்சாலைக்கும் அமைச்சு அலுவலகங்களுக்கும் தெற்கே அலைகிற குடும்பங்கள் வடக்கு கிழக்கில் ஏராளம். பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் விளங்கிக்கொண்டதை எழுதிவைப்பது உதவும் என்று நினைக்கிறேன்.

இந்த வகைக் கருவி சுற்றுலாப் பயணிகளுக்காகப் பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் முன்னோடிகளில் ஒன்று போர்க்களத்தில் வளர்ந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டார்ப்பாவின் நிதியில் உருவான 'பிரேஸலேட்டர்' என்ற கையடக்கக் கருவியை ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் 2002 அளவில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சிப்பாய் ஆங்கிலத்தில் ஒரு வசனத்தைச் சொன்னால், முன்கூட்டியே பதிவுசெய்து வைத்த பஷ்தோ அல்லது டாரி வசனத்தை அது ஒலிக்கும். எதிரே நிற்பவர் என்ன பதில் சொன்னாலும் அதற்கு விளங்காது. சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்ற எங்களுக்கு அப்படிப்பட்ட உரையாடல் புதிதல்ல. இரு பக்கமும் கேட்டுச் சொல்லும் முறைகளை டார்ப்பா பின்னர் ஈராக்குக்காகத் தனித் திட்டமாக ஆராய்ந்தது.

கடைக்கு வந்த பயணக் கருவிகளில் பெயர்பெற்றது ஜப்பானின் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் 2017 இறுதியில் வெளியிட்ட 'பொக்கெட்டோக்'. அதே காலத்தில் கைத்தொலைபேசியிலும் இந்த வசதி வளர்ந்தது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014 டிசெம்பரிலும் சேர்ந்தன. குரலைக் கேட்டு எழுத்தாக்கும் வசதி சிங்களத்துக்கு 2017 ஓகஸ்டில் கிடைத்தது. அப்போது தமிழையும் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று தனித்தனியே தெரிவுசெய்ய முடிந்தது. இதைக் கவனியுங்கள்: உங்கள் கருவியில் இலங்கைத் தமிழ் என்ற தெரிவு இருந்தால் அதையே வையுங்கள்.

தனிக் கருவியா, கைத்தொலைபேசியா என்று கேட்டால், நல்ல கைத்தொலைபேசி ஏற்கெனவே இருப்பவர் தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பேன். தனிக் கருவியின் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் பெரும்பாலும் நன்றாக இருக்கும், பஸ் நிலைய இரைச்சலில் அது பெரிய உதவி. ஒரே ஒரு பொத்தான் என்பதால் வயதானவர்களுக்கும் சுகம். ஆனால் உள்ளே நடக்கும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். வாங்குவதற்கு முன் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். பெட்டியில் "தமிழ், சிங்களம்" என்று போட்டிருந்தாலும் அது குரலுக்கா, திரையில் எழுத்துக்கு மட்டுமா என்று கேளுங்கள். மற்றது, இணையம் இல்லாமல் வேலைசெய்யுமா என்பது. கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு, இணைப்பை நிறுத்திப்போட்டு நீங்களே ஒரு வசனம் சொல்லிப் பாருங்கள்.

உள்ளே நடப்பது மூன்று வேலைகள். முதலில் உங்கள் குரலை எழுத்தாக்குகிறது. பிறகு அந்த எழுத்தை மொழிபெயர்க்கிறது. கடைசியில் அதை இயந்திரக் குரலில் வாசிக்கிறது. முதற்படியில் ஒரு சொல் பிழைத்தால் பிறகு வருவதெல்லாம் அந்தப் பிழையின் மேல்தான் கட்டப்படும். அதைவிட மோசம், அது தடுமாறாது. மனிதர் என்றால் "என்ன சொன்னனீங்கள், திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேட்பார். இயந்திரம் பிழையையும் சரியையும் ஒரே தெளிவான குரலில் சொல்லும்.

நடுவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இயந்திரம் மொழிபெயர்க்கப் பழகுவது இரு மொழியிலும் ஒத்திருக்கும் பெருந்தொகையான எழுத்தைப் பார்த்து. தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையே அப்படி இருப்பது கொஞ்சம், அதிலும் பெரும்பகுதி சுற்றறிக்கை நடை. ஆகவே பல கருவிகள் தமிழை முதலில் ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தைச் சிங்களமாக்குகின்றன. ஒரே தீவில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரண்டு மொழிகள் இலண்டனைச் சுற்றிக்கொண்டு சந்திக்கின்றன. சின்னம்மா என்பதற்குச் சிங்களத்தில் 'புஞ்சி அம்மா' என்று அச்சொட்டான சொல் இருக்கிறது, பெரியம்மாவுக்கு 'லொகு அம்மா'. நடுவில் ஆங்கிலம் வந்ததும் இரண்டுபேரும் ஒரே 'ஆன்ரி' ஆகிவிடுகிறார்கள். 'நாங்கள்', 'நாம்' வித்தியாசமும் அங்கேயே கரைந்துபோகிறது. எங்கள் 'ஐயா' சிங்களக் காதுக்கு 'அண்ணா' என்று கேட்கும் என்பது வேறு கதை, அதில் கருவிக்குப் பங்கில்லை.

எங்கள் பேச்சு வழக்கு அடுத்த தடை. "அவர் எனக்குப் பேசினவர்" என்றால் எங்களுக்கு அவர் ஏசினார் என்று அர்த்தம். இயந்திரத்துக்கு அவர் சாதாரணமாக உரையாடினார். "அவை வந்து கூட்டிக்கொண்டு போனவை" என்றால் ஆட்கள் வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எழுத்துத் தமிழில் 'அவை' அஃறிணை. 'முகாம்' என்ற ஒரே சொல் இராணுவ முகாமுக்கும் வரும், நாங்கள் அடைபட்டிருந்த முகாமுக்கும் வரும். 'இயக்கம்' எதுவாக மொழிபெயரும் என்று நான் பரிசோதிக்கப் போகவில்லை. ஊர்ப்பெயரையும் சில வேளை உடைத்துவிடும். புதுக்குடியிருப்பு என்ற ஊர் எங்கள் கருவியில் ஒருமுறை 'புதிய வதிவிடம்' ஆனது. சின்னம்மா வீடு மாறிவிட்டாரா என்று ஒரு தாதி அன்பாக விசாரித்தார்.

இத்தனை குறை இருந்தும் பயணத்தின் பெரும்பகுதியில் அது உதவியது என்பதை மறைக்கக் கூடாது. எந்த மாடி, எந்த வரிசை, கன்ரீன் எங்கே, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, சீனி போடாமல் தேநீர் என்று எல்லாம் கேட்டோம். பக்கத்தில் காத்திருந்த காலிப் பக்கத்து அம்மா ஒருவரும் சின்னம்மாவும் அந்தச் சின்னக் கருவியை மாறிமாறி வாயருகில் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் கதைத்தார்கள். மருந்தின் பக்கவிளைவு, பேரப்பிள்ளைகள், கால்வீக்கம். பாதி பிழைத்திருக்கும். பிழைத்தாலும் நட்டமில்லாத கதை அது.

நட்டம் வந்தது இரண்டாவது பயணத்தில். சின்னம்மாவின் பை பஸ்ஸில் தொலைந்துவிட்டது. அடையாள அட்டை உள்ளே இருந்ததால் பொலிஸில் முறைப்பாடு போடவேண்டும். தெற்கில் ஒரு நிலையத்துக்குப் போனோம். தமிழ் தெரிந்தவர் இல்லை என்றார்கள். என் கையில் கருவியைக் கண்டதும், "அதுதான் இருக்கே" என்ற பாவனையில் கதிரையைக் காட்டினார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், அதைச் சொல்லவேண்டும்.

பைக்குள் என்ன இருந்தது என்ற கேள்விக்குச் சின்னம்மா அட்டை, கிளினிக் கொப்பி என்று சொல்லிக்கொண்டு வந்து, "மகன்ர படமும் கடிதங்களும் இருந்தது. 2009இல வட்டுவாகலில ஒப்படைச்சனாங்கள்" என்றார். கருவி ஏதோ சொன்னது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் திரையில் நடுவில் இருந்த ஆங்கில வரியை வாசித்தேன். 'மகன் 2009இல் சரணடைந்தார்' என்ற பொருளில் இருந்தது.

ஒப்படைத்தோம் என்பதற்கும் சரணடைந்தார் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சின்னம்மா பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் திருப்பித் திருப்பிச் சொல்வது அந்த ஒரு வினைச்சொல்லைத்தான். நாங்கள், எங்கள் கையால், படையினரிடம் கொடுத்தோம். தமிழில் எழுவாய் இல்லாமலே வசனம் நிற்கும், வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். பேச்சு வழக்கில் அந்த விகுதியை இயந்திரம் பிடிக்கத் தவறினால், தானே ஒரு எழுவாயைப் போட்டு வசனத்தை நிரப்பும்.

எழுதுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்த பிறகு வேறு பிரிவிலிருந்து தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிள் வந்தார். அவர் முதலிலிருந்து கேட்டு எழுதி, வாசித்துக் காட்டினார். தொலைந்த பைக்கான முறைப்பாட்டில் அந்த வசனம் தேவையே இல்லை என்று அவர்தான் சொன்னார். அடையாள அட்டைப் பத்திரத்துக்கு வேண்டியதை மட்டும் எழுதினார்.

ஆகவே என் எல்லைக்கோடு இதுதான்: கையெழுத்துப் போடவேண்டிய எந்த இடத்திலும் கருவியை நடுவில் வைக்காதீர்கள். பொலிஸ் வாக்குமூலம், நீதிமன்றம், சத்திரசிகிச்சைச் சம்மதப் பத்திரம், காணி, இழப்பீடு, காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான எந்த விசாரணையும் இதில் அடங்கும்.

இது யாரிடமும் இரந்து கேட்கும் சலுகை அல்ல. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, 1988இன் 16ஆவது திருத்தம் மொழி பற்றிய அத்தியாயத்தை விரித்தது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அதிகாரியோடு தமிழில் அலுவல் பார்க்க அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை இடம் தருகிறது. நீதிமன்ற மொழி விளங்காத தரப்பினருக்கு உரைபெயர்ப்பை அரசு வழங்கவேண்டும் என்பது 24ஆவது உறுப்புரை. பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலம் விளங்காத மொழியில் எழுதப்பட்டால், அதைக் கொடுத்தவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும், அவர் விளக்கவும் சேர்க்கவும் இடமளிக்கவேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. மறுக்கப்பட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். சட்டத்தில் இருப்பது நடைமுறையில் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். என் பயம், இனிமேல் "மெஷின் இருக்குத்தானே" என்பது புதிய மறுப்பாக வந்துவிடும் என்பது. வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வருடக்கணக்காக உள்ளே கிடந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்புப் பிழையால் ஆள் கைதாவது கற்பனையும் அல்ல. 2017 ஒக்டோபரில் மேற்குக் கரையில் ஒரு பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி முகநூலில் அரபியில் காலை வணக்கம் போட்டார். தானியங்கி மொழிபெயர்ப்பு அதை எபிரேயத்தில் 'அவர்களைத் தாக்கு' என்று காட்டியது. இஸ்ரேலியப் பொலிஸ் அவரைப் பிடித்துச் சில மணித்தியாலம் விசாரித்துவிட்டே விட்டது. குரலை எழுத்தாக்குவதிலும் இன்னொரு ஆபத்து உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 'விஸ்பர்' மென்பொருளை ஆங்கிலப் பேச்சில் பரிசோதித்த ஒரு ஆய்வு 2024இல் வெளியானது. ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பதிவில் யாரும் சொல்லாத வசனங்களை அது சேர்த்திருந்தது. பேசுபவர் இடைவெளி விட்டு மௌனமாக இருந்த பதிவுகளில் அந்தப் பிரச்சினை கூடுதல் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அழுகையில் நின்றுநின்று கதைக்கிற எங்கள் தாய்மாரை நினைத்துப் பார்க்கவேண்டும்.

பாவிக்கிற இடங்களில் சில பழக்கங்கள் உதவுகின்றன. ஒரு வசனத்தில் ஒரு விடயம் மட்டும். யார் செய்தது என்று பெயரைச் சொல்லியே தொடங்குங்கள். "சாப்பிடேல்லை" வேண்டாம், "சாப்பிடவில்லை" என்று வானொலிச் செய்தி வாசிப்பது போலச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'இல்லை' காணாமல் போய்விடும். மருந்தின் அளவு, திகதி, பணம் எல்லாவற்றையும் இலக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். கருவி சொன்ன சிங்களத்தைத் திரும்பத் தமிழாக்கிக் கேட்டுப் பாருங்கள். எல்லாப் பிழையும் அதில் பிடிபடாது, பெரிய பிழைகள் பிடிபடும்.

பெரும்பாலான கருவிகளில் குரல் இணையம் வழியாக எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் வருகிறது. கதைத்ததெல்லாம் கருவியிலும் வரிசையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கருவியை இன்னொருவர் கையில் கொடுத்தால் அவர் மேலே தள்ளி வாசிக்கலாம். மகன், கணவன், பழைய முகாம், வெளிநாட்டு உறவினர் பற்றியெல்லாம் அதற்குள் கதைக்காதீர்கள். ஒவ்வொரு பயணத்தின் பிறகும் பழைய உரையாடல்களை அழித்துவிடுங்கள். எங்கள் கருவியில் மச்சானின் கணக்கே திறந்திருந்தது என்பதை நான் மூன்றாவது பயணத்தில்தான் கண்டுபிடித்தேன்.

இப்போது சின்னம்மாவின் பையில் கருவியோடு ஒரு மட்டையும் இருக்கிறது. சிங்களம் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து இரு மொழியிலும் எழுதுவித்தோம். பெயர், நோய், மருந்துகள், ஒவ்வாத மருந்து, என் தொலைபேசி இலக்கம். மேலே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: "தெமள கதா கரன்ன புளுவன் கெனெக் இன்னவாத?" தமிழ் கதைக்கத் தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்று அர்த்தம். அதைச் சின்னம்மா பாடமாக்கிவிட்டார், மட்டையை எடுக்காமலே கேட்கிறார்.